ரெண்டு ஏஸ் வச்சிருந்தும் அவுட்டா? போக்கர் டோர்னமென்ட்ல வேரியன்ஸ் (அதிர்ஷ்டத்தோட ஏத்த இறக்கம்)

(திரையில: எதிரெதிரா ரெண்டு பேர், ரெண்டு பேர் கையிலயும் ஏஸ்-ஏஸ்)

2014, லாஸ் வேகாஸ். பிக் ஒன் ஃபார் ஒன் டிராப்னு ஒரு போக்கர் டோர்னமென்ட், உள்ள உக்காரவே ஒரு மில்லியன் டாலர் கட்டணும், மொத்தமே 42 பேர். அதுல கானர் டிரினன் கையில ரெண்டு ஏஸ், எதிர்ல கேரி காட்ஸ் கையில மிச்ச ரெண்டு ஏஸ், ஆல்-இன் (அதாவது கையில இருக்கற சிப்ஸ், பந்தயக் காய் மொத்தத்தையும் வைக்கறது). இப்படி வந்தா நூத்துக்கு 95 தடவைக்கு மேல பாட்டை (நடுவுல சேர்ந்த சிப்ஸை) ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டு அடுத்த ஹேண்டுக்கு (ரவுண்டுக்கு) போயிடுவாங்க, இன்னார் தோப்பார்னு பாத்தா சான்ஸ் வெறும் 2 சதவீதம் சொச்சம். போர்டுல, அதாவது மேசை நடுவுல எல்லாருக்கும் பொதுவா விழுந்த அஞ்சு சீட்டுல நாலு ஹார்ட்ஸ்! ஹார்ட்ஸ் ஏஸ் காட்ஸ் கிட்ட இருந்துச்சு, ஃப்ளஷ் (ஒரே ஜாதில அஞ்சு சீட்டு) அடிச்சாரு, டிரினன் அவுட். அவர் பண்ண தப்பு என்ன? ஒண்ணுமே இல்ல.

சரி, இது அபூர்வமான கேஸ். நம்மள தினமும் கொல்றது வேற.

(திரையில: ஏஸ்-ஏஸ் 82%, கிங்-கிங் 18%)

ஏஸ்-ஏஸ் வச்சு கிங்-கிங்க எதிர்த்து ஆல்-இன் போனா ஜெயிக்கிற சான்ஸ் சுமார் 82 சதவீதம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டோர்னமென்ட்ல சிப்ஸ் போச்சுன்னா பாக்கெட்ல இருந்து எடுத்து வைக்க முடியாது, ஒரு தடவை தோத்தா கதை முடிஞ்சுது, அதனால கடைசி வரைக்கும் போகணும்னா இந்த மாதிரி ஆல்-இன் பலதையும் வரிசையா தாண்டணும். இப்படி அஞ்சு வருது, ஒவ்வொண்ணும் 80 சதவீதம்னே வச்சுக்கோங்க, அஞ்சையும் ஜெயிக்கிற சான்ஸ் 33 சதவீதம் கூட வராது. அதாவது எல்லாத்தையும் கரெக்டா ஆடியும் மூணுல ரெண்டு தடவை எங்கயாவது அடி வாங்குவீங்க, அதுக்குப் பேரு ராசியில்லைன்னு இல்ல, வெறும் பெருக்கல் கணக்கு.

பணம் பிரியிற விதம் இன்னும் மோசம். 2023 டபிள்யூஎஸ்ஓபி (வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்) மெயின் ஈவென்ட்ல 10,043 பேர் தலைக்கு 10,000 டாலர் கட்டுனாங்க, காசு பாத்தது 1,507 பேர், அதுலயும் கடைசியில இருந்தவங்களுக்கு 15,000 டாலர், முதல் ஆளுக்கு 1 கோடியே 21 லட்சம் டாலர். லாபம் பூரா மேல நாலஞ்சு இடத்துல குவிஞ்சு கிடக்கு, அங்க எப்பவாவதுதான் போவோம், நடுவுல மாசக்கணக்கா நஷ்டம்தான். அதனாலதான் டோர்னமென்ட்டுக்குக் குறைஞ்சது நூறு பய்-இன் (நுழைவுக் கட்டணம்) அளவுக்கு பேங்க்ரோல், அதாவது போக்கருக்குன்னே ஒதுக்கி வச்ச காசு, வேணும்னு சொல்றாங்க (அதுவே பத்தாதுங்கறது என் கட்சி). பெரிய பய்-இன்ல பல ப்ரொஃபஷனல் ஆட்டக்காரங்களே ஜெயிச்சா வர்ற காசுல ஒரு பங்கை முன்கூட்டியே மத்தவங்களுக்கு வித்துட்டுத்தான் உக்காருவாங்க, அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல.

இப்ப மனசு விஷயத்துக்கு வருவோம். ரிவர்ல (போர்டுல விழற கடைசி சீட்டுல) வாங்குன அடி வருஷக்கணக்கா ஞாபகம் இருக்கும், நாம 20 சதவீதத்துல பொழைச்சு அடுத்தவனை அனுப்புனது மறுநாளே மறந்துடும். இதுக்கு ஒரு வழி, ஆல்-இன் போன ஒவ்வொரு ஹேண்டையும் குறிச்சு வைங்க, சிப்ஸ் உள்ள போன அந்த நிமிஷம் உங்க சதவீதம் எவ்ளோன்னு மட்டும், யார் ஜெயிச்சாங்கன்னு எழுதவே வேணாம். கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துப் பாருங்க. அடிக்கடி 70, 80ன்னு இருந்தா பொலம்பாம ஆடிட்டே இருங்க, 35, 40ன்னே வந்துட்டு இருந்துச்சுன்னா சாரி ப்ரோ, பிரச்சனை சீட்டுல இல்ல.

இன்னொண்ணு, ரீ-என்ட்ரி பட்டன், அதாவது சில டோர்னமென்ட்ல அவுட்டானாலும் மறுபடி காசு கட்டி உள்ள வர்றது. பேட் பீட் (நல்ல சீட்டு வச்சும் தோக்கறது) வாங்கின சூட்டுல அதை அமுக்கறதுதான் டில்ட்டோட (கோவத்துல நிதானம் இழந்து ஆடறதோட) உச்சம், அடுத்த ஒரு மணி நேரம் குப்பை ஹேண்டெல்லாம் ஆடி அந்தக் காசையும் விடுவோம். அதனால ஒரு டோர்னமென்ட்டுக்கு எத்தனை என்ட்ரின்னு உக்கார்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, வாடகைக் காசு, கடன் வாங்குன காசு எதுவும் அந்தக் கணக்குல வரவே கூடாது, என்ட்ரி தீந்துச்சுன்னா லேப்டாப்ப மூடிட்டு போய் சாப்பிடுங்க.