640 டாலர் பலகையும் 2 டாலர் சாமானும்: படுக்கையறைச் சுவர் வேலை முடிந்தது!

வணக்கம் மக்களே! பாத்ரூம் டைல்ஸைக் கோணலாக ஒட்டிய அதே கைதான். இன்றைக்கு வேறு சுவர்.

புத்தாண்டுக்கு மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவர்கள் வீட்டுச் சுவரில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. ராத்திரி எவனோ துப்பாக்கியால் சுட்டுக் கொண்டாடியிருக்கிறான். சுவரைத் துளைத்து உள்ளே வந்த குண்டு வாஷிங் மெஷினில் போய் நின்றிருக்கிறது. இங்கே அரிசோனாவில் ஊருக்குள் சும்மா சுடுவது பெருங்குற்றம். 1999இல் ஃபீனிக்ஸில் தன் வீட்டுப் பின்கட்டில் நின்ற 14 வயதுப் பெண் இப்படி வந்த குண்டு பட்டு இறந்தாள். அடுத்த வருடமே அவள் பெயரில் ஷானன் சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் இருந்து என்ன, டிசம்பர் 31 ராத்திரி இங்கே வந்து கேட்டுப் பாருங்கள்.

எனக்கு எரிச்சல் சுட்டவன்மேல் பாதி, சுவர்மேல் பாதி. நம்மூரில் ஆணி அடித்தால் ஆணி வளையும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இங்கே வெளியே ஸ்டக்கோ பூச்சு, அடியில் ஃபோம், நடுவில் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், உள்பக்கம் அரை அங்குல ஜிப்சம் அட்டை. காலண்டர் மாட்ட குண்டூசி போதும். கூத்து என்னவென்றால் காம்பவுண்ட் சுவர் மட்டும் கான்கிரீட் பிளாக்! புல்லுக்குக் கான்கிரீட், பிள்ளைக்கு அட்டை. இதே ஊரில் 1950, 60களில் கட்டிய வீடுகள் முழுக்க பிளாக்கில்தான் நிற்கின்றன.

சரி, பையனின் கட்டில் தெருப்பக்கச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அந்தச் சுவருக்கு மட்டும் குண்டு தாங்கும் ஃபைபர்கிளாஸ் பலகை ஒன்று வாங்கினேன். 8 அடிக்கு 4 அடி, அரை அங்குல கனம், 640 டாலர். அதுகூடப் பரவாயில்லை. லாரி வாடகை 285! அதற்கு மேல் லாரியிலிருந்து தரையில் இறக்கிவைக்க 95! இறக்காமல் பின்னே என்ன, லாரியிலேயே குடித்தனமா? வந்தவரோ பலகையை டிரைவ்வேயில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எடை 70 கிலோவுக்கு மேல். நானும் இவரும் பழைய போர்வையில் வைத்து இழுத்து ஹால்வரை கொண்டுபோவதற்குள் நாலு தடவை சண்டை.

இந்தப் பலகையின் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து ரெசினில் அழுத்தியிருக்கிறார்கள். குண்டு பட்டதும் அடுக்குகள் பிரிந்து அதை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இரும்புத் தகடு ஏன் வாங்கவில்லை என்று போன வீடியோவில் கேட்டீர்களே, இதனால்தான். இரும்பில் பட்டது தெறித்து வேறு எங்காவது போகும்.

ஆனால் இந்த 'லெவல்' விவகாரம் இருக்கிறதே! சுவர்ப் பலகைக்கு யூ.எல். 752 என்று ஒரு தரம். அதில் லெவல் 3 என்றால் .44 மேக்னம் கைத்துப்பாக்கி வரைதான். போலீஸ் கவசத்துக்கு என்.ஐ.ஜே. என்று இன்னொரு தரம். அதன் பழைய கணக்கில் லெவல் 3 ரைஃபிள் குண்டைத் தாங்கும். எண் ஒன்று, அர்த்தம் இரண்டு! வெறுமனே 'லெவல் 3' என்று போட்டு விற்பவரிடம் எந்த லெவல் 3 என்று கேளுங்கள். இன்னொன்று, யூ.எல்.லில் 4, 5 ரைஃபிளுக்கு, 6 திரும்பவும் 9 எம்.எம். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு. ஏணி மாதிரி ஏறும் என்று நினைத்தால் போச்சு. நான் வாங்கியது யூ.எல். 3. ரைஃபிளைத் தாங்காது, தெரிந்துதான் வாங்கினேன்.

பலகையை நிறுத்தாமல் படுக்கவைத்தேன். தரையிலிருந்து 4 அடி உயரம் வந்தால் தூங்குகிற பிள்ளைக்குப் போதும். ஜிப்சத்தைப் பெயர்த்து, பலகையைச் சட்டத்தில் முடுக்கி, மேலே புது ஜிப்சம். சுவரின் நீளம் 7 அடிதான், பலகையில் ஓர் அடியை வெட்ட வேண்டியிருந்தது. வைர பிளேடு போட்டும் நம்ம கிரைண்டர் சண்டியர் முனகினார். ஸ்க்ரூவுக்குத் துளை போட்டதில் மூன்று பிட் காலி.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! வெட்டும்போது முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். அது கண்ணாடித் தூள். கழுத்தை மூட மறந்து, இரண்டு நாள் காஞ்சொறி பட்டவள் மாதிரி சொறிந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது பிளக் பாயிண்ட். அதற்காகப் பலகையில் ஓட்டை போட்டால், 640 டாலர் கொடுத்து நானே குண்டுக்கு வாசல் வைத்த மாதிரி. ஒரு ராத்திரி தூக்கமில்லை. அப்புறம் வெட்டி எடுத்த ஓர் அடித் துண்டு ஞாபகம் வந்தது! இரண்டு சட்டங்களுக்கு நடுவில் பதினாலரை அங்குலம் இருக்கும். அந்த அளவுக்கு நறுக்கி, பிளக் பெட்டிக்குப் பின்னால் குழிக்குள் செருகினேன். அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், 'ம்' என்றார். ம் மட்டும்தான்!

முடிந்தது என்று பார்த்தால் புதுச் சுவர் அரை அங்குலம் முன்னே வந்துவிட்டது, பெட்டி உள்ளே போய்விட்டது, பிளக் ஆடுகிறது. கடையில் ஒரு தாத்தா கையில் வைத்த சாமான் இதோ, பாக்ஸ் எக்ஸ்டெண்டர். ஒரு பிளாஸ்டிக் வளையம். 2 டாலர் 48 சென்ட், நீள ஸ்க்ரூவும் கூடவே. கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, மாட்டினேன். நச்சென்று நின்றது. இந்த மொத்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வளையம்தான்.

ஜன்னல் பற்றிக் கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். ஜன்னல் வெறும் கண்ணாடிதான். அதனால் கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளி, பலகை இருக்கும் பக்கமாக நகர்த்தியாயிற்று. செலவு பூஜ்யம். உண்மையில் முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான்.

மிச்சத் துண்டு கேரேஜில் சாய்ந்து நிற்கிறது. அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன். தட்டிப் பார்க்கச் சொல்லி, சத்தம் கேட்டுவிட்டு, "இதுமேல வச்சுத் தேங்காய் உடைக்கலாமாடி?" என்கிறாள்.