முதலில் நாடி, பிறகு எண்

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்பத்திரிக் கருவிகளைத் திருத்துவது என் தொழில். நான் டொக்டர் அல்லன். ஆனாலும் வீட்டார் இரவில் என்னைத்தான் எழுப்புகிறார்கள். ஒரு நாள் பதினொரு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து அக்காவின் மகன் அழைத்தான். “மாமா, விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் அம்மாவுக்கு ஒட்சிசன் 84 சதவீதம் காட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா?”

“அம்மா என்ன செய்கிறார்?”

“வரமாட்டேன் என்று என்னோடு சண்டை பிடிக்கிறார்.”

84 இல் இருப்பவர் இப்படி மூச்சுவிடாமல் சண்டை பிடிப்பது கடினம். கருவியில் நாடித்துடிப்பு எத்தனை என்று கேட்டேன். 38 என்றான். மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். 76. சரியாகப் பாதி! ஒன்றுவிட்டு ஒரு துடிப்பைக் கருவி தவறவிட்டிருக்கிறது. அக்கா அப்போதுதான் குளிர்சாதனப் பெட்டியில் உறைந்திருந்த மீனைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். குளிர்ந்த விரலில் துடிப்பு மங்கிவிடும். கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தபோது 97.

இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் இந்தக் கதை விளங்கும். விரலில் கவ்வும் அந்தச் சிறிய ஒக்சிமீற்றரின் ஒரு பக்கத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு, அலைநீளம் சுமார் 660 நனோமீற்றர். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. எதிர்ப்பக்கத்தில் ஓர் ஒளியுணரி. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் போகவிடும். ஒட்சிசன் இறங்கிய ஈமோகுளோபின் அதைக் கூடுதலாக விழுங்கும். அகச்சிவப்பில் இது தலைகீழ்.

ஆனால் தோல், எலும்பு, நகம், நாளத்து இரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. இவற்றுக்கு நடுவே நாடி இரத்தத்தை, அதாவது இதயத்திலிருந்து வரும் இரத்தத்தை, மட்டும் பிரிப்பது எப்படி? ஜப்பானியப் பொறியியலாளர் டாகுவோ அவோயாகி வேறொரு வேலையில் இருந்தார். சாயம் செலுத்தி, இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று காதில் ஒளி பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவீட்டைக் குலைத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப்போனவருக்கு, துடிப்பது நாடி இரத்தம்தானே, அதையே அளக்கலாமே என்று பட்டது. 1974 இல் அதை வெளியிட்டார். இன்றும் ஒவ்வொரு கருவியும் அசையாத ஒளியைத் தள்ளிவிட்டு, துடிக்கும் பகுதியை இரு நிறங்களிலும் ஒப்பிடுகிறது. துடிப்பு பிடிபடாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

அந்த ஒப்பீட்டைச் சதவீதமாக்கும் அட்டவணை, ஆரோக்கியமான தொண்டர்களை ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, அவர்களின் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்து உருவாக்கப்பட்டது. யாரையும் 70க்குக் கீழே இறக்க முடியாது என்பதால், அதற்குக் கீழே கருவி காட்டுவது அனுமானம்.

ஆகவே வாங்கும்போது எண்ணோடு நாடியின் அலையையும் திரையில் காட்டும் கருவியைக் கேளுங்கள். அலை ஒழுங்காக ஏறி இறங்கினால் எண்ணை நம்பலாம், நடுங்கினால் காத்திருங்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவானதா என்று பாமசியில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் விரலில் மாட்டி, நாடியைக் கையால் எண்ணி ஒப்பிட்டுவிட்டுக் காசு கொடுங்கள். பென்சிலை மாட்டினால்கூட எண் காட்டும் காணொளியைப் பலர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கை சற்று அசைந்தால் நல்ல கருவியும் அப்படி ஏமாறலாம். அதை வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். கைத்தொலைபேசிக் கமராவில் விரலை வைத்து ஒட்சிசன் பார்க்கும் செயலிகளை நான் நம்புவதில்லை. மணிக்கட்டுக் கடிகாரமோ, திரும்பித் தெறிக்கும் ஒளியைப் பார்ப்பது. உடற்பயிற்சிக்கு வைத்திருங்கள், நோயாளிக்கு வேண்டாம்.

அளக்கும்போது நகப்பூச்சை அழியுங்கள், கையைச் சூடாக்குங்கள், அசையாமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். கடற்கரையோரமான கொழும்பில் ஆரோக்கியமானவருக்கு 95க்கு மேல் இருக்கும். நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு டொக்டர் வேறு அளவு சொல்லியிருப்பார். அதுவே உங்கள் அளவு. மற்றவர்களுக்கு 92 அல்லது அதற்குக் கீழே என்றால் தாமதிக்க வேண்டாம். காரணம், நுரையீரலில் ஒட்சிசன் குறையக் குறைய, இந்த எண் காலிமுகத்திடல் போல 90 வரை ஓரளவு சமதரையாகப் போகும். அதன்பின் கண்டி மலைப்பாதை போலச் சரியும். மூச்சிழுப்பில் திணறும் குழந்தைக்கு 96 காட்டலாம். உடல் முட்டிமோதித்தான் அந்த எண்ணைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுபடுகிறதா என்று பாருங்கள்.

நம்மைப் போன்ற கருநிறத்தோருக்கு இன்னொன்று. கறுப்பின நோயாளிகளில் ஒட்சிசன் குறைவு கருவிக்குத் தப்பிப்போவது வெள்ளையரை விட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே நலமாக இருக்கும் நாட்களில் உங்கள் வழக்கமான எண்ணை எழுதிவையுங்கள். அதிலிருந்து இறங்குவதுதான் செய்தி.

கடைசியாக, மின்வெட்டு நேரத்தில் கதவை மூடிக்கொண்டு ஜெனரேற்றர் ஓட்டுபவர்களுக்கு. அந்தப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். கருவி அதை ஒட்சிசன் என்றே எண்ணி, மயங்கிக் கிடப்பவருக்கும் 98 காட்டும். அப்போது விரலைத் தேட வேண்டாம். ஆளைக் காற்றாட வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வணக்கம்.