அக்கிலீஸைத் துரத்துன ஆறு

வணக்கம் நேயர்களே. கிரேக்க புராணம்னா சியூஸ், அப்பல்லோன்னு பெரிய சாமிங்களைத்தான் எல்லாரும் பேசுவாங்க, நான் இன்னிக்கு ஆத்து சாமிங்களைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். ஹெசியட்ங்கிற பழைய கவிஞர், உலகத்தைச் சுத்தி ஓடுற ஆத்து சாமி ஓசியானஸுக்கும் அவன் பொண்டாட்டி டெதிஸுக்கும் 3000 ஆறுங்க பிள்ளைங்கன்னு கணக்கு சொல்றார், அத்தனை பேரும் சொல்லி முடியாது, அந்தந்தக் கரையில குடியிருக்கிறவங்களுக்கு அவங்க ஆத்துப் பேரு தெரியும்ங்கிறார், எவ்வளவு அழகா சொல்லியிருக்கார் பாருங்க.

எனக்கு ஸ்கமாண்டர் மேலதான் பிரியம் ஜாஸ்தி. ட்ராய் நகரத்து ஆறு, இப்ப துருக்கியில கராமெண்டெரெஸ்னு சொல்றாங்க. ட்ராய் போரைப் பாடுற ஹோமரோட இலியட் காவியத்துல 21வது பாகம், நண்பன் பெட்ரோக்ளஸ் செத்த வெறியில கிரேக்க வீரன் அக்கிலீஸ் ட்ராய் ஆளுங்களை ஆத்துக்குள்ள விரட்டி விரட்டி வெட்டுறான், காலைப் பிடிச்சுக் கெஞ்சின ட்ராய் இளவரசன் லைகானையும் விடல, கொன்னு தண்ணியில வீசிட்டான். அப்பதான் ட்ராய் பக்கத்து வீரன் அஸ்டெரோபயோஸ் வர்றான், ஆக்ஸியோஸ் ஆத்தோட பேரன், ரெண்டு கையாலயும் ஈட்டி எறியுறவன். ஒண்ணு கேடயத்துல பட்டு நின்னுடுச்சு, இன்னொண்ணு அக்கிலீஸோட வலது கையை உரசி ரத்தமே வந்துடுச்சு! பதிலுக்கு அக்கிலீஸ் எறிஞ்ச ஈட்டி குறி தப்பி கரையில ஆழமாப் புதைஞ்சு நிக்குது, அதைப் பிடுங்க அஸ்டெரோபயோஸ் மூணு தடவை பாக்குறான், அசையல, நாலாவது தடவை ஒடிச்சுடலாம்னு வளைக்கிறான், அதுக்குள்ள அவன் வயித்துல அக்கிலீஸோட வாள் இறங்கிடுச்சு. விலாங்கு மீனுங்க வந்து அவன் கொழுப்பைத் தின்னுச்சாம்.

ஆத்துக்குக் கோவம்தான், ஆனாலும் முதல்ல மனுஷ ரூபத்துல வந்து பேசித்தான் பாக்குது. என் தண்ணி பூரா பொணமாக் கிடக்கு, கடலுக்குப் போக வழியில்ல, கொல்லணும்னா வெளிய போய்க் கொல்லுன்னு கேக்குது. அவன் கேக்கல. அப்புறம்தான் பொங்குது, பொணங்களைக் கரையில தள்ளுது, உயிரோட இருக்கிறவங்களை சுழலுக்குள்ள ஒளிச்சு வச்சுக் காப்பாத்துது, இந்த இடம்தான் எனக்கு உயிரு. அக்கிலீஸ் ஒரு மரத்தைப் பிடிக்கிறான், அது வேரோட சாயுது, எவ்வளவு ஓடினாலும் தண்ணி பின்னாடியே வருது, மழை வெள்ளத்துல பன்னி மேய்க்கிற பையன் அடிச்சுட்டுப் போற மாதிரியா நான் சாகணும்னு கதறுறான். கடைசியில சியூஸோட மனைவி ஹீரா சொல்லி நெருப்பு சாமி ஹெஃபெஸ்டஸ் நெருப்பு வச்சுத்தான் ஆத்தை அடக்க முடிஞ்சது, தண்ணி கொப்பரை மாதிரி கொதிச்சுச்சு.

இன்னொரு ஆறும் இருக்கு, அக்கிலீஸோட சொந்த ஊரு ஆறு ஸ்பெர்கியோஸ். மகன் நல்லபடியா திரும்பி வந்தா அவன் முடியும் 50 ஆட்டுக்கடாவும் உனக்குன்னு அப்பா பீலியஸ் நேர்ந்துக்கிட்டார். இனி ஊருக்குப் போகமாட்டோம்னு அக்கிலீஸுக்குத் தெரிஞ்சுபோச்சு, பெட்ரோக்ளஸோட சிதையை விட்டுத் தள்ளி நின்னு, வளத்த முடியை வெட்டி, கடலைப் பாத்து அந்த ஆத்துக்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு, அதை நண்பன் கையில வச்சான்.