பிக்கப்பின் பின்கண்ணாடி ஒழுகினால்

வணக்கம் நேயர்களே. புரட்டாதி முடியப்போகிறது. காலபோகத்துக்கு நிலம் தயார்ப்படுத்துகிறவர்கள் உழவு இயந்திரத்தைத் தட்டிப் பார்த்து வைக்கிற நேரம். அதே நேரத்தில் வீட்டு முற்றத்தில் நிற்கிற பிக்கப்பையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மழைக்குள் கொஞ்ச தூரம் ஓடியதும் பின்சீற்றில் இருப்பவருடைய முதுகு நனைகிறதா? காலையில் கதவைத் திறந்ததும் ஊத்தைச் சாக்கு மணம் அடிக்கிறதா? அப்படியென்றால் இந்தப் பேச்சு உங்களுக்கு.

வடக்கில் எங்கள் வன்னியில் இந்தப் பின்கண்ணாடி ஒழுக்கு அதிகம். எட்டு மாத வெயிலில் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற றபர் காய்ந்து, இறுகி, மூலைகளில் சுருங்கிவிடும். ஏ9 வீதியை விட்டு இறங்கினால் கிரவல் பாதை. குலுக்கலில் உடம்புத் தகரமும் கண்ணாடியும் ஒன்றோடொன்று ஓயாமல் அசையும். செம்புழுதி போகாத இடுக்கு இல்லை. அதோடு எங்கள் வாகனங்களுக்கு வயதும் கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக்கான வாகனங்களை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழசைத்தானே எல்லோரும் தட்டித் தட்டி ஓடினோம்? இப்போது வருகிற விலையைப் பார்த்தால் இன்னும் கொஞ்சக் காலம் பழசோடுதான் குடித்தனம்.

வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் ஓட்டை இருப்பதே தெரியாது. தெரிந்த அன்றைக்கு நனைந்துகொண்டே கடைக்கு ஓடி, ஓட்டை அடைக்கிற சிலிக்கன் பசைக் குழாய் ஒன்று வாங்கி வருவோம். அங்கேதான் சனியன் தொடங்குகிறது.

இந்தச் சிலிக்கன் குழாயோடு எனக்கு நெடுநாள் பகை. கராஜில் என்னோடு வேலை பழகிய பெடியன்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள், வானொலியிலும் வந்து சொல்கிறானே என்று இப்போது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தண்ணீர் எங்கே புகுகிறது என்று தெரியாமல் சிலிக்கன் பூசாதீர்கள். தெரிந்த பிறகும் கண்ட சிலிக்கனைப் பூசாதீர்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற பல சிலிக்கன்களில் வினாகிரி மணம் வரும். அது காயும்போது அமிலம் விடுகிறது. பெயின்ட் உரிந்த தகரத்தில் பட்டால் அந்த இடம் கறள் பிடிக்கும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் இரும்பு கரைந்துகொண்டிருக்கும். இன்னொன்று, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு நல்ல பசையும் ஒட்டாது, பெயின்டும் பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் எண்ணெய் போல ஒரு படலம் தங்கிவிடும். நாளைக்கு வேலையை ஒழுங்காகச் செய்யப்போகிறவனின் கையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறீர்கள்.

மல்லாவிப் பக்கத்து அண்ணை ஒருவர், கமக்காரர், ஒரு பழைய டபிள் கப், அதுதான் பின்சீற்றும் இருக்கிற பிக்கப், கொண்டு வந்தார். பின்கண்ணாடியைச் சுற்றி வெள்ளைச் சிலிக்கன். அதன்மேல் கறுப்புச் சிலிக்கன். அதன்மேல் கூரைக்குப் பூசுகிற தார் மாதிரி ஏதோ ஒன்று. கண்ணாடிக்கு மீசை முளைத்த மாதிரி. "தம்பி, இனிப் பூச இடமில்லை, கண்ணாடியையே மாத்து" என்றார். பொறுங்கள் அண்ணை என்று சொல்லிப் பின்சீற்றைக் கழற்றினோம். கழற்றினால், கார்ப்பெட்டுக்கு அடியில் நெல் முளைத்து நிற்கிறது! பொய் இல்லை. முந்தின கிழமை விதைநெல் மூட்டை ஏற்றியிருக்கிறார், சாக்கில் ஓட்டை, கொட்டுண்ட நெல் ஈரப் பஞ்சுக்குள் போய், விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அண்ணை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முளைப்புத்திறன் பரவாயில்லை" என்றார். அன்று கராஜில் அதற்குப் பிறகு வேலை நடக்கவில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? கண்ணாடியிலிருந்து இல்லை. கண்ணாடிக்கு மேலே, கூரையின் பின் விளிம்பில் இருக்கிற மூன்றாவது பிரேக் லைற்றிலிருந்து. அதன் பின்னால் ஒரு மெல்லிய ஸ்பஞ்ச் இருக்கும். வெயிலில் அது பொடியாகிவிட்டது. தண்ணீர் அதற்குள்ளால் புகுந்து, கூரைத் துணிக்குப் பின்னால் பதுங்கி, கண்ணாடியின் உள் ஓரத்தைப் பிடித்து இறங்கிக் கீழ் மூலையில் சொட்டியது. பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணாடியைக் குறை சொன்னார்கள். புது ஸ்பஞ்ச் ஒன்று வெட்டி வைத்து, ஓரத்துக்கு இறுகாத கறுப்புப் பசை ரேப், பியூட்டைல் ரேப் என்பார்கள், அதை ஒட்டி ஸ்குறூவைப் பூட்டினோம். அளவாகத்தான் முறுக்க வேண்டும், பலம் காட்டினால் பிளாஸ்ரிக் வெடிக்கும். அவ்வளவுதான் வேலை. மூன்று விதப் பூச்சையும் சுரண்டி எடுக்கத்தான் பொழுது போனது.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சொட்டுகிற இடம் வேறு, புகுகிற இடம் வேறு. பின்சீற்றையும், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மட்டையையும் கழற்றுங்கள். உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது தேடினால் எல்லா இடமும் ஓட்டையாகத்தான் தெரியும். காய்ந்ததும் கண்ணாடியின் உள் ஓரத்தில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவுங்கள். ஒருவர் ரோச் லைற்றோடு உள்ளே இருக்க வேண்டும், மற்றவர் வெளியே நின்று ஓஸ் பைப்பால் தண்ணீர் விட வேண்டும். தோட்டத்துக்கு இறைக்கிற வோட்டர் பம்ப்பைக் கொண்டுவந்து பிடிக்காதீர்கள், அந்தப் பாய்ச்சலில் நல்ல றபரும் வாய் திறக்கும். மழை விழுகிற வேகம் போதும். கீழே இருந்து தொடங்குங்கள். கண்ணாடியின் கீழ் விளிம்பு, அதில் கொஞ்ச நேரம். பிறகு பக்கங்கள். பிறகு மேல் விளிம்பு. கடைசியாகத்தான் பிரேக் லைற்றும் கூரையும். மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், ஒன்றும் விளங்காது. அவசரப்படாதீர்கள், சில ஓட்டைகள் மெல்லத்தான் வாய் திறக்கும். உள்ளே இருப்பவர் பவுடரில் கோடு விழுகிற இடத்தைப் பார்த்துக் கத்துவார். பெரும்பாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள்தான் இந்த வேலைக்குத் தோது, பின்சீற் இடுக்கில் அவர்களுக்குத்தான் இடம் காணும்.

தள்ளித் திறக்கிற பின்கண்ணாடி என்றால் வேறு கதை. அதன் கீழ்த் தண்டவாளத்துக்குள் தண்ணீர் வருவது பிழை அல்ல, வரும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வெளியே போகச் சின்னத் துளைகள் இருக்கும். எங்கள் கிரவல் புழுதி அந்தத் துளைகளைச் சேறாக அடைத்துவிடும். பிறகு தண்டவாளம் நிரம்பி உள்ளே வழியும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு எடுத்துக் குத்துங்கள், கம்பி வேண்டாம், பெயின்டைக் கீறும். அப்புறம் ஒரு கப் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் வடிந்தால் பாதி ஒழுக்கு அங்கேயே தீர்ந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. இந்தத் துளைக்குள்ளும் சிலிக்கன் அடித்துக் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைய நிகழ்ச்சி போதாது.

பழைய பிக்கப்களில் கண்ணாடி றபருக்குள்தான் நிற்கும். அந்த றபரில் இரண்டு வாய்க்கால்: ஒன்று கண்ணாடியைக் கவ்வும், மற்றது தகரத்தின் விளிம்பைக் கவ்வும். றபர் இன்னும் மிருதுவாக இருந்தால், உதட்டை மெல்லக் கிளப்பி, இறுகிப்போகாத கண்ணாடிப் பசையை உள்ளே விடலாம். நகத்தால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுகியிருந்தால் பசைக்குக் காசு விடாதீர்கள், றபரை மாற்றுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கிற பழைய றபர் மலிவு, ஆனால் அதுவும் ஒரு வாகனத்தில் வெயில் குடித்ததுதான். புதிதாகவே எடுங்கள். பூட்டும்போது தகரத்தைக் கவ்வுகிற வாய்க்காலில் சுற்றிவர ஒரு நைலோன் கயிற்றை வைத்து, சவுக்காரத் தண்ணீர் பூசி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்தால் உதடு தானாக ஏறிக்கொள்ளும். ஸ்குறூ டிரைவரால் நெம்பக் கூடாது. முன்கண்ணாடி போல இது கீறலோடு நிற்காது, வெடித்தால் முழுவதும் கல்லுக் கல்லாகக் கொட்டிவிடும். பூட்டுவதற்கு முன் கீழ் விளிம்பில் கறள் இருக்கிறதா என்று பாருங்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்க வாகனங்களில் கட்டாயம் இருக்கும். சுரண்டி, கறள் தடுக்கும் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் றபர்.

தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒட்டுக் கண்ணாடியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: புதிய பிக்கப்களில் கண்ணாடியை யூரிதேன் பசையால் தகரத்தோடு ஒட்டியிருப்பார்கள். அது ஒழுகினால் வீட்டில் கை வைக்காதீர்கள். வேலை தெரிந்த கராஜ் பாஸிடம் விட்டு, கழற்றி, சுத்தம் செய்து, பசை பிடிக்க முதலில் பூசுகிற பிறைமர் பூசித் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பசை காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும், எவ்வளவு நேரம் என்று குழாயிலேயே எழுதியிருக்கும். அதுவரை கதவை அடித்துச் சாத்தாதீர்கள், உள்ளே அமுங்குகிற காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். ஒரு பக்கத்துக் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே விடுங்கள். கூரையில் சாமான் ஏற்றுகிற றாக் பூட்டத் துளை போட்டவர்கள் அந்தத் துளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.