சட்டம் வருமுன்னே கூட்டம் கூடியது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மக்களைக் கடலோடு இணைப்பது கொண்டாட்டமா, சட்டமா?' இதுதான் தலைப்பு. கொண்டாட்டமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மையார் சொன்னார்: "கரையில் ஒருநாள் ஆட்டம் பாட்டம், மறுநாள் குப்பை. கடலைக் காப்பது அபராதம்தான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா, அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது யார்?

ஐஸ்லாந்துக்குப் போவோம். அங்கே ஜூன் முதல் ஞாயிறு கடலோடிகள் தினம். துடுப்புப் படகுப் போட்டி, நீச்சல், மீட்புப் பயிற்சி என்று துறைமுகமே திரளும். அதோடு, கடலில் போய்த் திரும்பாதவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். கடலை வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைக்கு, அதில் உயிரைவிட்டவர்களும் தன் ஊர்க்காரர்கள்தான் என்று அன்றைக்குத் தெரிகிறது. எந்த அபராதச் சீட்டு இதைச் சொல்லும்? இந்த விழா 1938இல் தொடங்கியது. கடலோடிகளுக்கு அது சட்டப்படியான விடுமுறை ஆனது 1987இல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் சட்டம் வந்து சேர்ந்தது!

ஜூன் 8 அன்று வரும் உலகப் பெருங்கடல் தினமும் அப்படித்தான். 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. பூமி மாநாட்டில் யோசனை பிறந்தது. ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 2008இல். இடைப்பட்ட காலத்தில் ஜூன் 8ஐ உயிரோடு வைத்திருந்தது மக்கள்தான்.

சரி, குப்பைக்கு வருகிறேன். 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் சுமார் 2,800 பேர் கூடிக் குப்பை பொறுக்கினார்கள். லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்களின் முயற்சி அது. பொறுக்கியதோடு விடவில்லை, என்னென்ன கிடைத்தது என்று அட்டையில் குறித்தார்கள். குறிக்கும்போதுதானே இது கரையில் போட்டதா, கப்பலில் இருந்து வந்ததா என்ற கேள்வியே எழும்! கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் மார்போல் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பை அமெரிக்கா ஏற்றது அடுத்த ஆண்டு, 1987 டிசம்பரில். உலக அளவில் அமலானது 1988 டிசம்பர் 31. அந்த அட்டைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரையில் கூட்டம் முதலில் கூடியது, தடை பிறகுதான் அமலுக்கு வந்தது. அந்தத் துப்புரவு இன்று நாடுகள் பல கூடும் செப்டம்பர் திருவிழா.

"துப்புரவெல்லாம் கொண்டாட்டமா?" என்கிறீர்களா? ஊரே குடும்பத்தோடு கரைக்கு வந்து, சேர்ந்து வேர்வை சிந்தி, சேர்ந்து சிரித்துவிட்டுப் போனால் அதற்கு வேறு என்ன பெயர்?

இன்னொன்று. பிரேசிலின் சல்வடோர் நகரில் பிப்ரவரி 2 அன்று கடல் தெய்வம் யெமஞ்சாவுக்குப் படகில் காணிக்கை கொண்டுபோவார்கள். 1920களில் மீன்பாடு குறைந்தபோது மீனவர்கள் தொடங்கிய விழா. சீப்பு, கண்ணாடி, வாசனைத் திரவியம் எல்லாம் கடலுக்குள் போகும். உண்மைதான், அதில் குப்பை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் மக்காத பொருள் வேண்டாம், பூ போதும் என்ற பேச்சு இன்று அந்தப் பக்தர்கள் நடுவிலேயே எழுந்திருக்கிறது. கடலம்மாவுக்குக் கொடுப்பது கடலம்மாவையே நோகடிக்கலாமா என்று கேட்பவரிடம் எந்த அதிகாரி எதிர்வாதம் செய்ய முடியும்?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரே, யாருமே கரைக்கு வராத ஒரு கடலை வெறும் சட்டம் மட்டும் காப்பாற்றிய கதை ஒன்று இருந்தால், இந்த மேடையில் சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.