பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூர்த் தமிழ் உறவுகளே, வணக்கம்.

'ஊழியர்களிடம் நிறுவனங்கள் அடையாள ஆவணங்களைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பா, அத்துமீறலா?' என்பது தலைப்பு. அத்துமீறலே என்று பேச வந்திருக்கிறேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. எந்தக் காகிதம் எதற்குத் தேவை, எதைச் சும்மா வாங்கி வைக்கிறார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் நல்ல கைதட்டல் வாங்கினார். இந்த ஊரில் காசு கொடுத்தால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் கிடைக்கிறது, இல்லாத கம்பெனியின் பேரில் சம்பள ரசீதுகூட அச்சடித்துத் தருகிறார்கள், ஆள் யார் என்று பார்க்காமல் எப்படி உள்ளே விடுவது என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் அண்ணே, போலி அனுபவச் சான்றிதழோடு வருகிறாரே அவர், அவருடைய ஆதார் அசல் ஆதார்தானே? அதை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் சான்றிதழ் போலி என்று எப்படித் தெரியும்? அந்தப் போலியைப் பிடிக்க வேண்டுமானால் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட வேண்டும், அல்லது பிஎஃப் கணக்கில் எங்கே எத்தனை மாதம் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உழைக்க வேண்டிய இடத்தில் உழைக்காமல், ஜெராக்ஸ் மெஷினை உழைக்க விட்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

அடுத்துப் பேசிய அக்கா, மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு என்றார். அக்கா, அந்தப் பழமொழியில் பயப்படுகிறவன் திருடன் இல்லை. மடியில் பணத்தை முடிந்துகொண்டு நடக்கிற அப்பாவி. நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது? சம்பளத்தில் வரி பிடிக்க பான் எண் வேண்டும். அதைத் தராவிட்டால், வரி வரம்புக்குள் வருகிற சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பிஎஃப் கட்ட யுஏஎன், அதாவது ஊழியரின் பிஎஃப் எண் வேண்டும், அதோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். 2021இலிருந்து இணைக்காதவர் கணக்கு, கம்பெனி பிஎஃப் அலுவலகத்துக்குத் தரும் மாதாந்திரப் பட்டியலில் ஏறாது. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு வரம்பில் இருப்பவர்களுக்குக் குடும்ப விவரம். சம்பளம் போட வங்கிக் கணக்கு. அவ்வளவுதான். எல்லாமே எண்ணைப் பதிந்ததும் முடிந்துபோகிற வேலைகள். யுஏஎன்னைக்கூட இப்போது அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி ஊழியரே எடுத்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் சேருகிற நாளில் கையில் திணிக்கிற பட்டியலைப் பாருங்கள். ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும், ரேஷன் கார்டு, அப்பாவின் ஆதார், கல்யாணம் ஆகியிருந்தால் அதற்கும் சான்று. போதாதென்று ஆறு மாத வங்கி அறிக்கை. பழைய சம்பளத்தைச் சரிபார்க்கவாம். அந்த அறிக்கையில் சம்பளம் மட்டுமா இருக்கிறது? எந்த டாக்டரைப் பார்த்தோம், ஊரில் அம்மாவுக்கு எவ்வளவு அனுப்பினோம், மாசக் கடைசியில் யாரிடம் ஐந்நூறு கைமாற்று வாங்கினோம், அத்தனையையும் யுபிஐ வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் மனைவியிடமே காட்டாத காகிதம் ஐயா அது!

அப்புறம் அட்ரஸ் வெரிஃபிகேஷன் என்று ஒரு பையன் வருவார். கம்பெனி ஆள் இல்லை. கம்பெனி ஓர் ஏஜென்சியிடம் கொடுத்திருக்கும், அந்த ஏஜென்சி இன்னொருவரிடம் கொடுத்திருக்கும், அவர் இந்தப் பையனை அனுப்பியிருப்பார். வாசலோடு சேர்த்து உங்களைப் படம் எடுத்து, இருக்கும் இடத்தையும் பதிந்துகொண்டு போவார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஏதாவது கேஸா?" என்பார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிற மனிதருக்கு இந்த மரியாதை. சரி, அது போகட்டும். அந்தப் பையன் போனில் இருக்கும் உங்கள் ஆதார் படம் எப்போது அழியும்? கம்பெனிக்குத் தெரியுமா, ஏஜென்சிக்குத் தெரியுமா?

ஆள் யார் என்று நிறுவனம் பார்க்கவே கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. பாருங்கள், சரிபாருங்கள், 'பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நகலை எடுத்து அலமாரியில் வைத்து, ஸ்கேனை மின்னஞ்சலில் நாலு பேருக்கு அனுப்புகிறீர்களே, அத்துமீறல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நகல் தவறான கையில் சிக்கினால் உங்கள் பேரில் வேறு யாரோ சிம் வாங்கிவிடலாம். ஒருவர் பேரில் 9 சிம் வரை வாங்கலாம். தன் பேரில் எத்தனை ஓடுகிறது என்று பார்க்க அரசே சஞ்சார் சாத்தி என்று ஒரு தளம் நடத்துகிறது. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இந்தக் கவலை எங்கள் கற்பனை என்றால், நம் ஊர் ஆதார் அலுவலகமே கற்பனை செய்ததா? 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம், ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், 29ஆம் தேதி, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. அறிவிப்பைத்தான் வாங்கியது, மாஸ்க்டு ஆதாரை வாங்கவில்லை. அது இன்றும் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டுபோய் ஹெச்ஆரிடம் நீட்டுங்கள், "இது செல்லாது, ஃபுல்லாக வேண்டும்" என்பார்கள். ஆதார் ஆணையம் செல்லும் என்று தருவதை இவர்கள் எந்த அதிகாரத்தில் செல்லாது என்கிறார்கள்?

இதே பெங்களூரில் வாழ்ந்தவர்தான் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2012இல், 86 வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படியேறினார். அவர் வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26இல், ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனியார் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியையும் நீதிமன்றம் நீக்கியது.

எதிரணி உடனே 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுப்பார்கள். வேலை தொடர்பான காரியத்துக்குச் சம்மதமே கேட்கத் தேவையில்லை என்று அதில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எனக்கும் அந்த வரி பிடிக்கவில்லை. ஆனால் அதே சட்டம்தான் தரவைப் பத்திரமாகக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அவகாசம் அலமாரியைச் சுத்தம் செய்யத்தான், இன்னும் நிரப்ப இல்லை. தவிர, சம்மதம் என்கிறீர்களே, ஆஃபர் லெட்டரை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையை நீட்டுகிறவரிடம் எந்தப் பிள்ளை முடியாது என்று சொல்லும்?

நகலை விடுங்கள், அசலையே வாங்கி வைக்கிறவர்களும் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். ஓசூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனி அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகளை டெபாசிட் மாதிரி வாங்கி வைத்தது. வேறு வேலை கிடைத்தபோது அங்கே அசல் கேட்டார்கள், இங்கே கொடுக்கவில்லை. அந்த வேலை போயிற்று. பாஸ்போர்ட் கதை இன்னும் வேடிக்கை. 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. எனக்கே சொந்தமில்லாததை உங்களிடம் நான் எப்படி ஐயா அடகு வைப்பேன்?

கைதட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் இந்த அரங்கிலும் முதலாளிகள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலாளிகள்தானே? கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து நம் அடுக்ககங்களில் பாத்திரம் தேய்க்கிற அக்காக்களிடம் நாம் என்ன கேட்கிறோம்? ஆதார் நகல், ஃபோட்டோ, போன் நம்பர். அதைப் படம் பிடித்து, "நல்ல ஆள், காலையில் ஒரு மணி நேரம் ஃப்ரீ" என்று அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். இருநூறு வீட்டு போனிலும் அவருடைய பிறந்த தேதி, கணவர் பெயர், ஊர் விலாசம். கேட் செயலியில் அவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த வீட்டுக்குப் போனார், எப்போது வெளியேறினார் என்பதெல்லாம் பதிவாகிறது. யார் யார் வீட்டில் வேலை செய்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், சம்பளம் பேசும்போது அதையும் பயன்படுத்துகிறோம். பதிலுக்கு அவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்? ஃபிளாட் நம்பர். இதே காரியத்தை ஐடி கம்பெனி நமக்குச் செய்தால் அந்தரங்கம் போச்சு என்கிறோம். நாம் செய்தால் செக்யூரிட்டி. இந்த விஷயத்தில் இரண்டு அணியும் ஒரே அணிதான் நடுவர் அவர்களே, தீர்ப்பில் இதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். எதிரணித் தலைவருக்கு ஒரே கேள்வி. ஒரு வேலைக்கு நாற்பது பேர் வருகிறார்கள், நேர்காணலுக்கு முன்பே நாற்பது பேரிடமும் ஆவணம் வாங்குகிறார்கள், ஒருவரை எடுக்கிறார்கள். எடுத்தவரின் காகிதம் பாதுகாப்புக்காக என்றே வைத்துக்கொள்வோம். அந்த முப்பத்தொன்பது பேரின் காகிதங்கள் யாருடைய பாதுகாப்புக்காக, எந்த அலமாரியில் இருக்கின்றன? மேடைக்கு வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.