குழந்தை முதலில் யாரிடம் சொல்லும்?

(திருப்பூரில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பின் வரிசையில் இருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

இணையத்தில் பிள்ளைகளுக்கு நேரும் கேடுகளைப் பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறார்கள். அவை பல. இன்று நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முன்பின் தெரியாத ஒருவன் கைபேசி வழியாக ஒரு பிள்ளையோடு பழகி, அந்தப் பிள்ளையின் அந்தரங்கப் படத்தைப் பெற்று, அதை வைத்தே மிரட்டுவது. இதில் காவல் நிலையமும் நீதிமன்றமும் தலையிடும் முன்பே, வீட்டார் முதல் ஒரு மணி நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பிள்ளையின் கதியைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பங்கள்கூடக் கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்தன. ஆன்லைன் வகுப்புக்கு வேறு வழியில்லை. பள்ளிகள் மறுபடி திறந்த பிறகும் கைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்பும் ஊரில், அதைத் திரும்ப வாங்கி வைக்க யாருக்கு நேரம் இருந்தது? இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த மாலை நேரங்களில் பிள்ளையோடு பேச ஆள் இல்லை என்பதை மிரட்டுகிறவன் அறிந்திருக்கிறான் என்பதற்காகவே சொல்கிறேன்.

அவன் எடுத்த எடுப்பில் படம் கேட்பதில்லை. இன்ஸ்டாகிராமில் பதினைந்து வயதுப் பெண்பிள்ளையின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு வருவான். கூட்டாக ஆடும் துப்பாக்கி விளையாட்டில் உங்கள் மகனின் அணியில் சேர்ந்து, விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்டுகளை வாங்கித் தருவதாகச் சொல்வான். நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்பான். வீட்டில் யார் திட்டுகிறார்கள், எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே அவனுக்குக் கிடைத்துவிடும். "இது நம் இருவருக்குள் இருக்கட்டும்" என்ற வார்த்தை வந்த பிறகுதான் படம் கேட்பான். முதல் படம் போனதும் அவன் குரல் மாறிவிடும். பணம் கொடு, இல்லையென்றால் இன்னும் படம் அனுப்பு, இல்லையென்றால் உன் அப்பாவுக்கும் உன் வகுப்பு குரூப்புக்கும் அனுப்பிவிடுவேன் என்பான். பணம் கேட்டு மிரட்டப்படுகிறவர்களில் பதின்வயது ஆண்பிள்ளைகளே மிகுதி என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே, எனக்கு இருப்பது பையன்தானே என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. பிள்ளை எதையுமே அனுப்பாவிட்டாலும், பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த சாதாரணப் படத்தைக் கொண்டே ஆபாசப் படம் செய்துவிட முடியும்.

இந்த இடத்தில் நம் வட்டாரத்து வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகள் வயதுக்கு வந்ததும் திரட்டிச் சீர் செய்வதும், உற்றார் உறவினரை அழைப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் படங்களைப் பெயரோடும் ஊரோடும் பள்ளியோடும் உலகமே பார்க்கும்படி முகநூலில் போடுவது, அந்தப் பெண்ணின் வயதையும் முகத்தையும் அடையாளத்தையும் முன்பின் அறியாதவர்களுக்கு நாமே எழுதிக் கொடுப்பதாகும். குழந்தைகளிடம் படம் போடாதே என்று சொல்லும் முன் பெரியவர்கள் இதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மிரட்டப்படும் பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? மிரட்டுகிறவனிடம் உள்ள பயத்தைவிட வீட்டின் மேல் உள்ள பயம் பெரிதாக இருப்பதால்தான். அப்பா அடிப்பார், கைபேசியைப் பிடுங்குவார், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள், ஊருக்குத் தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. இந்த எண்ணத்தை அவன் உண்டாக்கவில்லை. நாம் வேறு ஏதோ வீட்டுப் பெண்ணைப் பற்றி நடுவீட்டில் உட்கார்ந்து பேசிய பேச்சிலிருந்து பிள்ளை கற்றுக்கொண்டது. அவன் அதைப் பயன்படுத்திக்கொள்கிறான், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி இங்கிருந்து வெகு தூரம் இல்லை. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தபோதுதான், சமூக ஊடகம் வழியே பழகி, வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டி வந்த கூட்டத்தின் கதை வெளியே வந்தது. அதற்கு முன்பே பல பெண்கள் அதில் சிக்கி, யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தார்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரையே காவல்துறை அப்போது வெளியில் சொல்லிவிட்டது. அதைக் கேட்ட எத்தனை பெண்கள் தங்கள் புகாரை விழுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. அப்படியிருந்தும் பாதிக்கப்பட்டவர்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. வாய் திறந்த பெண்களும், அவர்கள் பின்னால் நின்றவர்களும் இல்லாமல் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

ஆகவே, உங்கள் பிள்ளை ஒரு நாள் அழுதுகொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? முதலில், "உன் மேல் தப்பு இல்லை கண்ணு, நீ சொன்னது நல்லதாப் போச்சு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள். பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்; ஒருமுறை கொடுத்தால் மேலும் கேட்பான். கோபத்தில் கணக்கை அழித்துவிடாதீர்கள், கைபேசியை உடைத்துவிடாதீர்கள். அந்த உரையாடல்தான் சாட்சியம். அவன் மிரட்டிய செய்திகளையும் கணக்கின் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு அவனைத் தடை செய்யுங்கள். ஆனால் குழந்தையின் அந்தப் படத்தை யோசனை கேட்பதற்காகக்கூட மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாது. அத்தகைய படத்தைப் பிறருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காவல் அதிகாரியிடம் கைபேசியையே காட்டுங்கள்.

புகாரை இணையக் குற்ற உதவி எண்ணான 1930-இலோ, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ, உள்ளூர்க் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். காவல் நிலையப் படியேற வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைச் சொல்கிறேன். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகம் வெளியிட்டால் தண்டனை உண்டு. அதே சட்டம் நமக்கும் கடமை விதிக்கிறது. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது, பள்ளியின் பெயர் கெடும் என்பதற்காக மறைப்பது உட்பட, தண்டனைக்குரியது. ஆசிரியர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

படம் பரவிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியன்று. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023 முதல் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படம் நம் கருவியை விட்டு வெளியே போகாமலே, அதன் கைரேகை போன்ற எண்வரிசை மட்டும் அங்கே போய்ச் சேரும். அதைக் கொண்டு, சேவையில் இணைந்துள்ள தளங்கள் அதே படத்தைத் தங்கள் பொதுவெளியில் கண்டறிந்து நீக்கும். மற்றவர்கள் அந்தப் படத்தை வேடிக்கையாகப் பார்த்து வைத்துக்கொள்வதும் சிறிய செயல் இல்லை. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூறியதை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்படியானால் கைபேசியையே கொடுக்காமல் இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் பதினாறு வயதுக்குக் கீழானவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கையே தடை செய்திருக்கிறது. சிறு வயதினருக்குக் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நம் தோட்டத்துக் கிணற்றில் பிள்ளையின் முதுகில் மிதப்பதற்காகச் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, அப்பாவும் தண்ணீரில் இறங்கி நின்றுதான் நீச்சல் பழக்கினார். இதிலும் கூட இறங்கிப் பழக்க வேண்டியிருக்கிறது. கணக்கைத் தொடங்கும்போது அருகில் இருங்கள். அதைப் பூட்டிய கணக்காக வையுங்கள். இரவில் எல்லோருடைய கைபேசியும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும்.

பின் வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்த ஆசிரியரிடம் சொல்லுங்கள், அம்மாவைப் பெற்ற அமுச்சியிடம் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். எந்தக் கைபேசியிலிருந்தும் இலவசம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். அந்த எண்ணையும் 1930-ஐயும் இந்தக் கூட்டம் முடிந்து வெளியே போகும் முன் எல்லோரும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் அவர்கள் இவ்விரண்டையும் பள்ளி நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.